கொக்கியில் மாட்டிய மணி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதியோர் இல்லத்தில் இருந்த என் அக்கா, கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய அழைப்பு மணியைக் கைக்கு எட்டாதபடி சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்தாள் ஒரு பணிப்பெண். அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் அக்கா விழுந்தார். நாற்பதாண்டுகள் மேடையேறியவன் நான். துண்டறிக்கை எழுதியே விரல் காய்த்தவன். புகார் மனுவை ஒரே மூச்சில் முடித்தேன். அந்தச் சூடு ஆறுமுன் கதைக்கும் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "தீமைக்கு ஒரு முகம் உண்டு, அது சிரிக்கும்போது" (விட்டுவிட்டேன். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: "இரும்பு நெஞ்சம் படைத்த அந்த அரக்கி" (அடித்துவிட்டேன். மேடையில் கைதட்டு வாங்கும், தாளில் பல்லிளிக்கிறது.)

மூன்றாவது: "பிற்பகல் இரண்டு மணி. இருபத்திரண்டு கட்டில்கள். ஒரு பணிப்பெண்."

இது நின்றது. நின்றதுதான் வினையாயிற்று. எத்தனை கட்டில் என்று தெரிந்ததுமே அரக்கி கரையத் தொடங்கிவிட்டாள். ஆளை நேரில் பார்த்துப் பேசாமல் எழுத முடியாது என்று புறப்பட்டேன்.

3

விசாரணை முடியும்வரை அவருக்குக் கட்டில் பக்கம் வேலை கிடையாது. சலவை அறையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். (இதுவரை 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். உழைக்கும் பெண்களின் மாண்பு பற்றித் தொண்டை கிழியப் பேசியவன் நான். அழிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.) அங்கே அவரைச் சிட்டு என்கிறார்கள். அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லையாம்.

நடந்ததை அவர் சொன்னார். பதினான்காம் கட்டில் பெரியவருக்கு ஊட்டும்போது ஒவ்வொரு வாய் கஞ்சியும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். நடுவில் எழுந்தால் கஞ்சி ஆறிவிடும், அவர் வாயை மூடிக்கொள்வார். அதனால் அடிக்கடி அடிப்பவர்களின் மணி கால் மணி நேரம் கொக்கிக்குப் போகும். எல்லாப் பணிப்பெண்களும் செய்வதுதானாம். 'மணிக்கு லீவு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

யார் மணிக்கு லீவு என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

"சேர்க்கும்போது வீட்டு ஆளுங்க எழுதிக் குடுப்பாங்கல்ல சார், அதப் பாத்துத்தான். உங்க அக்காவுக்கு நீங்கதான் எழுதியிருந்தீங்க."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: படிவத்தில் 'வேறு குறிப்புகள்' என்ற கட்டத்தில், 'தேவையின்றியும் மணி அடிப்பார், பொருட்படுத்த வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். அழகான கையெழுத்து. அக்கா என் வீட்டில் இருந்தபோது அவர் மணி என் உரைகளைக் கலைத்துக்கொண்டே இருந்தது. "இந்த வாக்கியத்த முடிச்சுட்டு வரேங்கா" என்று குரல் கொடுப்பேன். என் வாக்கியங்கள் நீளமானவை.)

"அப்போ தப்பு என்மேலயா?"

"அப்படிச் சொல்லல சார். மாட்டுனது என் கைதான். கால் மணி நேரம்னு நெனச்சேன். மறந்துட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே கெடந்துச்சு."

அவர் கண் கலங்கியிருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த விரிப்பை எடுத்தார்.

4

தீமை என்று ஒன்று உண்டா? இல்லை என்று சொல்லிவிட என் நா எழவில்லை. காரணம் தெரிந்துவிட்டதால் எலும்பு கூடிவிடவில்லை. ஆனால் தீமையின் வீட்டைத் தேடிப் போனால் ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். ஆள் போதவில்லை என்கிறார் மேலாளர். துண்டு மாட்டத்தான் கொக்கி அடித்தேன் என்கிறார் தச்சர். தெருக்கோடி வீட்டில் என் பெயர்ப்பலகை தொங்குகிறது.

5

அக்கா இப்போது மறுபடியும் என் வீட்டில், பக்கத்து அறையில். வரைவை வாசித்துக் காட்டினேன். அரக்கி வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

"அவ அரக்கியா இருந்தா உனக்கு எவ்வளவு வசதி, இல்லடா?"

நான் தாளைத் திருப்பினேன்.

"அதுக்காக ஒண்ணுமே நடக்காத மாதிரியும் எழுதிடாத. கீழ கெடந்தவ நானு."

6

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. குடும்பம் எழுதித் தந்ததை இல்லம் தானாகக் காட்டக் கூடாது என்பது விதி; குடும்பத்தார் காட்டாமல் அந்தப் படிவம் அங்கே வெளிவராது. நகல் என்னிடம் இருக்கிறது.

முடிவு ஒன்று: மனுவை மட்டும் கொடுக்கிறேன். சிட்டுவுக்கு வேலை போகிறது. அடுத்த மாதம் முதியோர் உரிமை மாநாட்டில் தலைமை உரை ஆற்றுகிறேன். கைதட்டு கிடைக்கும். கொக்கி சுவரிலேயே இருக்கும்.

முடிவு இரண்டு: படிவத்தையும் உரக்கப் படிக்கிறேன். அவருக்கு எச்சரிக்கையோடு வேலை நிலைக்கலாம். என் மேடை போகும். மேடை இல்லாமல் நான் யார் என்பது எனக்கே

முடிவு மூன்று: (மணி அடிக்கிறது. அரை மணி நேரத்தில் நான்காவது தடவை.)

மனுவும் படிவமும் மேசைமேல் அருகருகே கிடக்கின்றன. நாளை எதை எடுத்துப் போவேன் என்பதை, வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு