பதினேழாம் நம்பர்

அந்தக் கப்பலில் மோசஸின் நம்பர் பதினோரு இடத்தில் இருந்தது. சாலமோனின் நம்பர் ஓர் இடத்தில்கூட இல்லை. சங்கதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்பிய வினை.

கப்பல் என்றால் கடலில் போவது இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நூர் முகம்மது பாயின் ஷெட்டுக்குள், டேங்கர் லாரி நீளத்துக்குப் படுத்துக்கிடந்த அலுமினிய விண்கலம். வானத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகக் கட்டியது. கட்டி முடித்த பிறகு சரக்கு இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள். சென்னையில் நாலு பேர் சேர்ந்து அதை வாங்கி வேறு யோசனை செய்தார்கள். மேலே சுற்றும் சிறுகோள்களின் கல்லை இதன் வயிற்றுக்குள் போட்டு நொறுக்குவது, உலையில் உருக்கி இரும்பைப் பிரிப்பது, அங்கேயே கம்பியாகவும் தகடாகவும் அடித்து எடுப்பது. சுருக்கமாகச் சொன்னால் கப்பலைத் தொழிற்சாலை ஆக்குவது. அந்த மாற்று வேலைதான் பாயின் ஷெட்டுக்கு வந்திருந்தது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை நம் பாய். பாய்லரும் தண்ணீர் டேங்கும் செய்து கொடுத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு மாதமாகத் தரையில் கால் பாவவில்லை.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஜாயிண்ட் முடித்ததும் இரும்பு அச்சை அதன் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. நாளைக்கு ஜாயிண்ட் விட்டுப்போனால் யார் கைவேலை என்று தெரிய வேண்டுமல்லவா? சாலமோன் பதினேழு. பத்தொன்பது வருஷமாக அவன் அடித்த பதினேழுகள் எண்ணூர் முதல் தடா வரைக்கும் பாய்லர்களில் உட்கார்ந்திருக்கின்றன. மோசஸ் நாற்பத்திரண்டு. மஸ்கட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் வந்தான். சாலமோன் மனைவி கிரேஸின் தம்பி. "என் மச்சான், நல்ல வேலைக்காரன், எடுத்துக்கோங்க பாய்" என்று கையைப் பிடித்துக் கேட்டு உள்ளே கொண்டுவந்தவன் சாலமோனேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று பின்னால் அவனே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டான்.

கப்பல் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் திலகவதி, இருவரையும் ஆளுக்கொரு தகடு பற்றவைக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தாள். சாலமோனுடையதில் கடுகளவு இரண்டு காற்றுப் பொத்தல். மோசஸுடையது சுத்தம். முடிந்தது கதை. உலை உட்காரும் வளையத்திலிருந்து கல் போடும் வாய் வரைக்கும் எல்லாம் மோசஸுக்கு. கடைசியாக மூடியை வைத்துப் பற்றும் பெரிய ஜாயிண்டும் அவனுக்கே. சாலமோனுக்கு? கப்பலைத் தரையில் தாங்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்ட். கப்பல் போன பிறகு காயலான் கடைக்குப் போகப் போகிற ஸ்டாண்ட்!

வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. வீட்டில் கிரேஸ் வேறு, "தம்பி வெல்டிங்கு வானத்துக்குப் போவுதாமே, சர்ச்சுல எல்லாரும் கேக்கறாங்க" என்று பூரித்துப்போய்ச் சொன்னபோது சாலமோன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இன்னாய்யா, சோத்து மேல காட்டற?"

"உப்பு இல்ல."

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கப்பலில் மட்டும் அச்சு அடிக்கக் கூடாது என்று திலகவதி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். தோல் மெல்லிசு, மார்க்கர் பேனாவால் நம்பரை எழுதினால் போதும் என்றாள். சாலமோன் அதைக் காதில் வாங்கினான், மனசில் வாங்கவில்லை. பேனாவில் எழுதினால் நம்பராகிவிடுமா? துடைத்தால் போகிறது ஒரு நம்பரா? பத்தொன்பது வருஷம் அடித்த கைக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், ஒன்றும் ஏழும் அச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்பலுக்குள் தவழ்ந்து போனான். உலை வளையம் பளபளத்தது. மோசஸ் பற்றிய கோடு, அழகாக வகிடு எடுத்த தலை மாதிரி ஒரே சீராக ஓடியது. பாவி, எப்படிப் பற்றியிருக்கிறான்! யார் கண்ணிலும் படாத கீழ் மூலையில், வளையத்தை ஒட்டிக் கப்பலின் தோலிலேயே அச்சை வைத்து, டங், டங் என்று இரண்டு போடு. பதினேழு. இனி அது மேலே போகும். மோசஸ் பற்றியதுதான், ஆனாலும் போகும். அன்று ராத்திரி சாலமோன் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மூடியைத் தற்காலிகமாகப் போல்ட் போட்டு முடுக்கி, கப்பலுக்குள் அழுத்தமாகக் காற்றடைத்துச் சோதனை. வெளியே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துக்கொண்டே வந்த திலகவதி ஓர் இடத்தில் நின்றாள். நுரை கொப்புளித்தது.

"உலை வளையத்துக்கு நேர் பின்னாடி. மோசஸ், உங்க ஜாயிண்ட்தான். காத்தை இறக்கிட்டு உள்ளே போய்ப் பாருங்க."

சாலமோன் மனசுக்குள் கணக்குப் போட்டான். மூன்று மில்லி தகட்டில் அடித்த அடி. அச்சுப் பள்ளத்திலிருந்து விரிசல் ஓடியிருக்கும். அதன் பக்கத்திலேயே பதினேழு என்று கையெழுத்தும் போட்டிருக்கிறது. இன்றோடு தன் வேலைக்கு மங்களம் பாடிவிடுவார்கள் என்று நின்றான்.

மோசஸ் உள்ளே போனான். பிறகு கிரைண்டர் சுற்றும் சத்தம். வெளியே வந்தபோது அவன் முகம் இறுகியிருந்தது.

"மேடம், அன்னிக்கு சுத்தம் பண்றப்ப கிரைண்டர் வழுக்கிடுச்சி. தோலு அறுந்து கீது. சொல்லாம வுட்டது என் தப்பு. இப்ப சமமா தேச்சி வுட்டேன்."

திலகவதி விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். தேய்த்த பள்ளம்தான் தெரிந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒட்டுத் தகடு வைத்து ஓட்டையை அடைக்கச் சொன்னாள். "மூடி ஜாயிண்ட்டை நீங்க தொட வேண்டாம். நாளைக்குக் காலைல சாலமோன் பண்ணட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மஸ்கட்காரன் தலை குனிந்து நின்றான். எதற்கு ஏங்கினானோ அது சாலமோன் மடியில் வந்து விழுந்தது. விழுந்ததை எடுத்துக் கொண்டாடக் கை வரவில்லை.

இருவரும் வழக்கம்போல ஒரே வண்டியில்தான் வீடு திரும்பினார்கள், மோசஸ் ஓட்ட, சாலமோன் பின்னால். கவரைப்பேட்டை டீக்கடையில் வண்டி நின்றது.

"ஏன்டா அழிச்ச?" என்று சாலமோன் கேட்டான்.

மோசஸ் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "உனுக்காவ இல்ல மாமா. உன் மூஞ்ச பாத்திருந்தா அங்கியே நாலு சாத்து சாத்திருப்பேன். உன் வேல போச்சின்னா அக்காதான் பேஜாராவும். அதுக்குத்தான்."

"நான் கேக்கலியே உன்ன."

"நம்பர்தான் வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே? 'மாமாவும் கூட நின்னாரு'ன்னு மேடம்கிட்ட சொல்லி, பக்கத்துல எழுத வச்சிருப்பேன். வேலையப் போயி கெடுத்துட்டியே மாமா. எட்டு நாள் வேல."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பானாம்! சாலமோனுக்குக் காது மடல் சுட்டது. வேலையிலும் அவன் உசத்தி, இப்போது மனசிலும் அவன் உசத்தியா? ஒரு மனுஷன் எத்தனை இடத்தில்தான் தோற்பது?

மறுநாள் காலை மூடி தயாராக இருந்தது. பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். திலகவதி மார்க்கர் பேனாவை நீட்டினாள். "முதல்ல நம்பரை எழுதுங்க சாலமோன். போட்டோ எடுத்துட்டு ஆரம்பிக்கலாம்."

சாலமோன் பேனாவை வாங்கினான். இதோ, யாருக்கும் தெரியாமல் மூலையில் இல்லை. பட்டப்பகலில், எல்லார் கண் எதிரிலும் பதினேழு. ஒன்று என்று ஒரு கோடு போட்டான். ஓரமாகக் கைகட்டி நின்ற மோசஸ் மேல் கண் போயிற்று. அவன் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாலமோனுக்குப் பளிச்சென்று உறைத்தது. இது அவன் போட்ட பிச்சை. இதில் எழுதப்போகிற பதினேழு மேலே போய் எத்தனை வருஷம் சுற்றினாலும், அது மோசஸ் கொடுத்த பதினேழு. சேச்சே! அதைவிட வேலை போகட்டும்.

"மேடம், அந்த ஓட்டை மோசஸ் போட்டது இல்ல. நான்தான் அச்சு அடிச்சேன், அவன் ஜாயிண்ட்டு பக்கத்துல, என் நம்பர. அதுலதான் வெடிச்சிச்சி. அவன் அத்த தேச்சி அழிச்சிட்டான்."

முதலில் வாயைத் திறந்தவர் பாய். "அட அல்லா, பத்தொம்பது வருஷத்துல ஒன்ன இப்பிடிப் பாக்கலியேப்பா!"

திலகவதி இருவரையும் நிற்கவைத்துக் கிழித்தாள். "கெடுத்தது ஒருத்தர், மறைச்சது ஒருத்தர். மேலே போய் உலை கொதிக்கறப்ப வெடிச்சிருந்தா, போய் அடைக்க ஆள் இருக்கா?" உள்ளே முழுக்க மறுபடி ஓர் அங்குலம் விடாமல் சோதித்தாள். அதற்கே நான்கு நாள் ஆனது. பாய் சாலமோனை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆறு மாதம் வெல்டிங் டார்ச்சைத் தொடக் கூடாது, ஹெல்பர் வேலைதான் என்றார். மூடி ஜாயிண்ட் திரும்ப மோசஸுக்கே போனது.

ஹெல்பர் வேலை என்றால் டார்ச்சுக்குப் போகும் கேபிளைத் தோளில் சுமந்துகொண்டு, வெல்டர் நகர நகரப் பின்னாலேயே நகர்வது. கேபிள் இழுத்தால் வெல்டர் கை ஆடும், கை ஆடினால் ஜாயிண்ட் கெடும். இந்த வேலையைக் கெடுக்கச் சுத்தியல்கூட வேண்டாம். ஒரே ஒரு சுண்டு போதும். சாலமோனுக்கு அது தெரியும். மோசஸுக்கும் தெரியும். தெரிந்தே அவன் முகமூடியை இறக்கிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

இரண்டரை மணி நேரம். நீல வெளிச்சம் மூடியைச் சுற்றி அங்குலம் அங்குலமாக வந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாகச் சாலமோன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நகர்ந்தான். ஒரு புள்ளி தப்பாதா, ஓர் இடத்தில் வழியாதா என்று தேடினான். இல்லை. எங்கேயும் இல்லை. அவ்வளவு சுத்தம். வயிறு எரிந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாற்போல எரிந்தது.

பாதி வட்டத்தில் மோசஸ் ராடு மாற்ற நிறுத்தினான். திரும்பாமலே கேட்டான், "தோளு வலிக்குதா மாமா?"

"உன் வேலையப் பாருடா."

மோசஸ் மறுபடி பற்றவைத்தான். சாலமோன் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிக் கேபிளை இன்னும் ஒரு முழம் விட்டுக்கொடுத்தான்.