கஜபதி நிரப்பிய படிவம்

திருத்தணி தாலுகா அலுவலக வாசலில் கஜபதியின் மேசை முன்னால் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்றிதழோ முதியோர் பென்ஷனோ, அவர் எழுதிக் கொடுத்த மனு திரும்பி வந்ததில்லை என்று பள்ளிப்பட்டு வரைக்கும் பேர். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் மகள் மோனிகா நான்காம் வகுப்பு. மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்வாள். வாரம் ஒரு பென்சில் டப்பாவைத் தொலைப்பாள். வீட்டுப்பாடத்தை ஆரம்பிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். "எல்லாம் திமிரு" என்று வகுப்பு டீச்சர் அவளை வெளியே நிற்க வைத்தார். மனைவி உதயாதான் பிடிவாதமாக அரக்கோணத்தில் குழந்தைகள் ஆலோசகர் அனுராதாவிடம் அழைத்துப் போனாள். வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நிரப்பி வரச் சொல்லி அவர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ‘அடிக்கடி’, ‘சில நேரம்’, ‘இல்லை’ என்று மூன்று கட்டங்கள்.

படிவத்தைக் கண்டதும் கஜபதிக்குக் கை பரபரத்தது. சொன்னதை மறக்கிறாளா? இல்லை. பொருட்களைத் தொலைக்கிறாளா? இல்லை.

"இன்னாங்க, எல்லாத்துக்கும் இல்லைன்னே போட்டுகினு போறீங்க?" என்றாள் உதயா.

"ஃபாரம்ல குறைன்னு எழுதிட்டா அது காலத்துக்கும் கூடவே வரும். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் இன்னா சொல்லுவான்? எனக்கா ஃபாரம் ரொப்பக் கத்துத் தர்றே?"

அடுத்த வாரம் அனுராதா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது பரீட்சை இல்லீங்க சார். எது கஷ்டம்னு தெரிஞ்சாதான் நான் உதவ முடியும். இதுபடி பாத்தா பாப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோனிகா அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, அப்போ நான் வேணும்னேதான் மறக்கிறேனா? டீச்சர் சொல்றது நெசமா?"

கஜபதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரார் கஷ்டத்தையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியவர், பெற்ற பெண்ணின் கஷ்டத்தை மறைத்து, பழியை அவள் தலையிலேயே போட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல கண்ணு. நீ வேணும்னு எதுவும் செய்யல. நான்தான் வேணும்னே பொய் எழுதிட்டேன்."

அனுராதாவிடம் இன்னொரு தாள் கேட்டு வாங்கி, பேனாவோடு உதயாவிடம் நீட்டினார்.

"நீயே எழுது. நான் என் மானத்தத்தான் பாத்தேன். புள்ளையோட கஷ்டத்தப் பெத்தவங்களே மறைச்சிட்டா, அத வேற யாரு கண்டுபுடிச்சு சரி பண்ணுவா?"