மேஸ்திரியின் நூற்றுக்கு நூறு

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு ஃபெர்மின் இரண்டடி தள்ளி நின்றான். வைத்த கையோடு வாசலுக்குப் போய்விடுவதுதான் அவன் வழக்கம். இன்று போகவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள முடிக்கணுமாம். எல்லா மேஸ்திரியும் திரும்ப எழுதணுமாம். இல்லன்னா வேலைக்கே வர வேண்டாங்கறாங்க."

யூலாலியா சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. சுவரோரம் அவள் தம்பி நிகாந்த்ரோவின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. அவனுக்கான ஒன்பது நாள் ஜெபம் நேற்றோடு முடிந்திருந்தது. படத்துக்குக் கீழே அவன் தொப்பி. திராட்சைச் சாறு பட்ட கறை அதில் அப்படியே இருந்தது.

அந்த மேசைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஆள் மேய்க்கிற மேஸ்திரிகள் வருடத்துக்கொரு தடவை பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. மத்திய அரசின் சட்டம் ஒரு பாதி, மாநில அரசின் சட்டம் ஒரு பாதி, இரண்டும் கணினியில், அவரவர் வீட்டில். ஸ்பானிய மொழியிலும் பாடம் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன ஃபெர்மின் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். முதல் வருடமே கணினியை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அவன் மட்டுமா? அந்தத் தெருவில் ஐந்து மேஸ்திரி வீடுகள். ஐந்திலும் பாடம் படிப்பது பெண்டாட்டி, சான்றிதழ் புருஷன் பேரில். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆண்கள் மரத்தடியில் பீரும் சீட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஒரு கையால் அவரைப் பருப்பைக் கிண்டிக்கொண்டு மறு கையால் விடையை அமுக்குவார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் நின்றுதான் நகரும். அந்த நிமிடத்துக்குள் ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிடலாம். "பதிமூணாவதுக்கு என்னடி?" என்று வீட்டுக்கு வீடு போன் பறக்கும். மத்திய அரசு மாமியார் மாதிரி, பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடும், மாநில அரசு நாத்தனார் மாதிரி ஒன்றொன்றாக நோண்டும் என்று எதிர்வீட்டு ஹசிந்தா கேலி பேசுவாள்.

யூலாலியா யாரிடமும் விடை கேட்டதில்லை. நர்சுக்குப் படிக்க ஆசைப்பட்டுப் படிக்க முடியாமல் போனவள் அவள். வெயிலில் உடம்பு என்ன ஆகும், எப்போது வியர்வை நிற்கும், எப்போது பேச்சுக் குழறும் என்று ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஆறு வருடமும் நூற்றுக்கு நூறு. சான்றிதழைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பார்க்கிறவர்கள் ஃபெர்மினைப் புகழ்வார்கள். அவன் கூச்சமில்லாமல் சிரித்து வாங்கிக்கொள்வான்.

ஒரு தடவை மட்டும், புதிதாக வருகிறவர்களை முதல் பதினாலு நாள் கண் வைத்துப் பார்க்க வேண்டுமாம் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் பரீட்சைக்கு, தோட்டம் வேற என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தினமும் சாப்பாட்டில் போட்டுப் பிசைந்தாவது ஊட்டியிருக்கலாம். மதிப்பெண் வாங்கிய பெருமையே போதும் என்று இருந்துவிட்டோமே என்ற நினைப்பு இந்த ஒன்பது நாளும் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

நிகாந்த்ரோ மெக்சிகோவின் ஒஹாக்காவில், மலை மேலே, குளிரில் வளர்ந்தவன். அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கணவனைக் கெஞ்சியதும் அவள்தான். தோட்டத்தில் எந்த அரசும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேஸ்திரியின் சொந்தக்காரன் கடைசியில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும், கடைசியில்தான் நிழலில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஓரவஞ்சனை என்று கூட்டம் முணுமுணுக்கும். ஃபெர்மின் நேர்மைக்காரன் என்று பேர் வாங்கியவன். அந்தப் பேருக்கு அவன் கொடுத்த விலை மச்சானின் உயிர்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது நாள் நூற்றெட்டு டிகிரி வெயில். பதினோரு மணிக்கு நிகாந்த்ரோ, "மாமா, கொஞ்சம் நிழல்ல உக்காந்துக்கவா?" என்று கேட்டிருக்கிறான். "மேஸ்திரி மச்சான் மொதல்ல உக்காந்தான்னு பேச்சு வரக்கூடாது. இந்த வரிசைய முடிச்சுட்டு உக்காரு" என்றிருக்கிறான் இவன். ஒரு மணிக்குப் பையன் செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தான். கூட்டம் சிரித்தது. ஃபெர்மின் அவனை வேனில் படுக்கவைத்து, தன் கைக்குட்டையை நனைத்து முகத்தில் போட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பினான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. மூச்சு இல்லை.

திடீரென்று விழுந்துவிட்டான் என்றுதான் ஃபெர்மின் வீட்டில் சொன்னான். நடந்தது முழுவதையும், அதே கூட்டத்தில் குலை வெட்டுகிற ஹசிந்தா ஏழாம் நாள் ஜெபத்தன்று தட்டுக் கழுவும்போது அழுதுகொண்டே சொன்னாள். யூலாலியா அதைக் கணவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மாநில அரசின் ஆய்வாளர் அம்மாள் வந்து விசாரித்தபோது, கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ரொசாலெஸ் அந்தச் சான்றிதழின் நகலை நீட்டினார். எங்கள் மேஸ்திரிக்கு எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம், நூற்றுக்கு நூறு, பாருங்கள் என்றார். கம்பெனி கையைக் கழுவிக்கொள்ள அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது. ஆய்வாளர் அம்மாள் வீட்டுக்கும் வந்து, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் அதே காந்தத்தின் கீழ்தான் இருந்தது.

யூலாலியா கையைக் கழுவினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. நான் படிக்கறேன். அமுக்கறது நீங்க."

அவன் உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம் அவள் படித்தாள், அவன் கேட்டான். ஏணி, டிராக்டர், பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னான். முட்டாள் இல்லை அவன். யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எல்லாமே தெரிந்துகொண்டிருப்பான்.

இருபத்தோராவது கேள்வி வந்தது. அவள் குரல் மாறாமல் படிக்கப் பார்த்தாள்.

"புதிதாகச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் வெயிலில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்? ஒன்று, வரிசையை முடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு, வண்டியில் படுக்கவைத்துவிட்டுப் பிறகு வந்து பார்க்க வேண்டும். மூன்று, உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டு, உடம்பைத் தண்ணீரால் குளிர்வித்து, ஆள் வரும்வரை கூடவே இருக்க வேண்டும்."

நடுவில் அவள் அடுப்பில் போட்டிருந்த ரொட்டி கருகியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கேள்வி புதுசா?" என்றான் அவன்.

"ஆறு வருஷமா இருக்கு."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே, யூலா."

"நீங்க கேக்கவே இல்லையே."

அவள் அழுதாள். அவனும் அழுதான். ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தடித்த விரலை இரண்டாவது விடைமேல் வைத்து அமுக்கினான்.

தவறான விடை, மீண்டும் முயலுங்கள் என்றது திரை.

"மூணாவதுங்க," என்றாள் மெல்ல.

"தெரியுது. நான் செஞ்சது இதுதான்."

மறுபடியும் இரண்டாவதையே அமுக்கினான். மறுபடியும். மூன்று தடவைக்குமேல் அந்தப் பாடம் விடாது. தேர்ச்சி பெறவில்லை என்று காட்டிவிட்டுத் திரை மூடிக்கொண்டது. யூலாலியா தடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஆறரைக்கு போன் அடித்தது. ஃபெர்மின் மேசைமேல் வைத்தபடியே ஒலிபெருக்கியில் போட்டான். ரொசாலெஸ்தான். கேலியாகப் பேசவில்லை, அக்கறையாகவே கேட்டார்.

"என்னப்பா ஃபெர்மின், முப்பது மேஸ்திரியும் நூத்துக்கு நூறு, நீ மட்டும் ஃபெயிலு. ஏன், இந்தத் தடவை உன் பொண்டாட்டி வீட்ல இல்லையா?"

ஃபெர்மின் மனைவியைப் பார்த்தான். ஆக, ஆறு வருடமும் அவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

யூலாலியா எழுந்து போய்க் காந்தத்தை நகர்த்தினாள். சான்றிதழ் நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்காமல் ஆய்வாளர் அம்மாளின் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"வீட்லதான் இருக்கேன் சார். இப்ப சொன்னத இன்னொரு தடவை நிதானமாச் சொல்லுங்க. ஆய்வாளர் அம்மாகிட்ட ஒரு வார்த்தை மாறாம சொல்லணும்."