கடைசியில் வந்ததே வென்றது

ஒன்பதாம் வகுப்பில் ஒருவரும் மனம் மாறவில்லை. ஆனாலும் முடிவு மட்டும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. சமூக அறிவியல் டீச்சருக்கு அதுதான் தலையைக் குடைந்தது.

நடைவழியின் கோடியில் ஓர் அறை காலியானதும், "ஜனநாயகத்தைப் புத்தகத்துல ஏன் படிக்கணும்? பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும்" என்று தலைமை ஆசிரியரிடம் அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள். படிப்பறையா, விளையாட்டறையா, பாட்டறையா என்பதுதான் கேள்வி. ஓட்டுப் போடுவது காலால். இரண்டிரண்டாகக் கேட்பாள். ஒன்றுக்கு ஜன்னல் பக்கம், மற்றதற்குக் கரும்பலகைப் பக்கம் போய் நிற்க வேண்டும். வென்றது மூன்றாவதோடு மோதும்.

திங்களன்று பாட்டறை வென்றது. கைதட்டல் அடங்குவதற்குள், "மறுபடி வெச்சுப் பாக்கலாம் மிஸ்" என்று ஒரு குரல். செவ்வாயன்று வைத்தால் படிப்பறை. புதனன்று விளையாட்டறை.

"மிஸ், இது கள்ள ஓட்டு!" என்றாள் முன்பெஞ்சுப் பெண். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"உன் கால்ல நீயேதானடி நடந்து போய் நின்ன. அதுல கள்ளம் எங்க வரும்?" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

தலைமை ஆசிரியரின் பொறுமையும் தீர்ந்தது. "டீச்சர், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே முடிவு வேணும். இல்லன்னா உடைஞ்ச பெஞ்சையெல்லாம் அங்க தள்ளிடுவேன். இந்த ஓட்டு விளையாட்டையும் மூட்டை கட்டிட்டுப் புத்தகத்தைத் திறங்க."

அறை போனால்கூடப் பரவாயில்லை. ஓட்டு என்றாலே வெறும் கூத்து என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வெளியே போய்விடுவார்களே என்பதுதான் அவள் கவலை. அன்று வீட்டில் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வீட்டுல ஓட்டே இல்ல, நீ சொல்றதுதான் முடிவு. எவ்வளவு நிம்மதியா இருக்கு பாரு" என்றான் கணவன்.

"சாப்பிடுங்க" என்றாள்.

வியாழனன்று அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "எங்க தப்புன்னு எனக்கே புரியல. நீங்களும் தேடுங்க." மூன்று நாள் நடந்ததையும் வரிசை மாறாமல் கரும்பலகையில் எழுதினாள்.

வகுப்பு மொத்தமும் பலகையை முறைத்தது. வக்கீல் எழுந்து போய், ஒவ்வொரு நாளும் கடைசியாக மோத வந்த பெயரின் கீழே கோடு இழுத்தாள். இழுத்த சாக்பீஸ் அப்படியே நின்றது.

"மிஸ், நீங்க எதைக் கடைசியா கொண்டு வர்றீங்களோ அதுதான் ஜெயிக்குது!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஒரே அறை தினமும் கடைசியில் நிற்கக்கூடாது, அதுதான் நியாயம் என்று வரிசையைத் தினமும் மாற்றியவள் அவளேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"அப்ப மூணு நாளும் ஓட்டுப் போட்டது மிஸ்தானா!" என்றான் பின்பெஞ்சுக்காரன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"சரி, அது ஏன் அப்படி ஆகுது?"

பதிலை அவர்களே பிரித்து எடுத்தார்கள். கட்சிக்கு ஒருவராக மூன்று பேர் முன்னால் வந்து நின்றார்கள்.

"எனக்குப் படிப்பறை. அது இல்லன்னா விளையாட்டு, செஸ்ஸாவது ஆடலாம். பாட்டு வேணாம், தலைவலி."

"எனக்கு விளையாட்டு. இல்லன்னா பாட்டு. படிப்பறைன்னா வாயைத் தைச்சுக்கணும்."

"எனக்குப் பாட்டு. இல்லன்னா படிப்பறை, அமைதியா உக்காந்து பாட்டு எழுதுவேன். பந்து பறக்குற இடத்துல என்னத்தை எழுத?"

இப்போது பார்த்தால் கண்ணாடி போலத் தெரிந்தது. படிப்பும் விளையாட்டும் மோதினால் பாட்டுக்காரர்கள் படிப்புப் பக்கம் சாய்கிறார்கள். விளையாட்டும் பாட்டும் மோதினால் படிப்புக்காரர்கள் விளையாட்டுப் பக்கம். பாட்டும் படிப்பும் மோதினால் விளையாட்டுக்காரர்கள் பாட்டுப் பக்கம். தன் வாலைத் தானே துரத்தும் நாய் மாதிரி வெற்றி சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் மோதலில் எது வென்றாலும் அதை வீழ்த்தக்கூடியது வெளியே காத்திருக்கிறது. ஓட்டுப் போட்டவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு தேர்தல் முறையையே கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார்களே என்று டீச்சர் வியந்தாள். எத்தனை வருடமாக இதே பாடத்தை நடத்துகிறாள்! ஒருநாளாவது இது அவள் கண்ணில் பட்டதா?

"கழட்டியாச்சு. மாட்டுறது யாரு?" என்று கேட்டாள்.

"மோத விடாதீங்க மிஸ்" என்றாள் வக்கீல். "மூணையும் ஒண்ணா வெச்சு, எது முதல், எது ரெண்டாவதுன்னு எல்லாரையும் எழுதச் சொல்லுங்க. ரெண்டாவதுக்கும் கொஞ்சம் மதிப்பு குடுக்கலாம்."

"சமமா வந்துட்டா?"

"சீட்டுக் குலுக்கல். ஆனா அதையும் எண்ணுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடணும். தோத்தப்புறம் சட்டம் பேசக்கூடாது."

"அதை நீ சொல்றியா!" என்றான் பின்பெஞ்சுக்காரன்.

வெள்ளியன்று தலைமை ஆசிரியர் வாசலில் நின்று பார்த்தார். முதலில் விதியைப் பலகையில் எழுதினார்கள், பிறகு சீட்டுகளை நிரப்பினார்கள். விளையாட்டறை மயிரிழையில் வென்றது. டீச்சர் விடவில்லை. பெயர்களின் வரிசையை மாற்றி மாற்றி, மூன்று முறை கூட்ட வைத்தாள். மூன்று முறையும் விளையாட்டறைதான். பாட்டுக்காரர்களின் முகம் தொங்கியது, ஆனால் கள்ள ஓட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தலைமை ஆசிரியர் அறைச் சாவியை வக்கீலின் கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் இருந்ததை இன்னொரு முறை படித்தார்.

'மூன்றையும் ஒரே நேரத்தில் கேள். முதல் விருப்பத்துக்கு இரண்டு புள்ளி, இரண்டாவதற்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கூட்டு. எந்த வரிசையில் கூட்டினாலும் விடை மாறாது.'