கூட்டம் நிற்கிற இடம்

முன்னால் நின்ற டேங்கர் லாரி ஒரு முழம் நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அமிர்தசாமி இடது காலைத் தூக்கிக் கிளட்சில் வைக்கப் பார்த்தார். கால் வரவில்லை. தொடைக்கடியில் கை கொடுத்துத் தூக்கி வைத்து, முட்டியின்மேல் உள்ளங்கையை அழுத்தி, ஒருவழியாகக் கிளட்சை அமுக்கினார். லாரி ஒரு முழம் நகர்ந்து நின்றது. டோல்கேட் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. கார்த்திகை மாதக் குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ராசிபுரத்தில் ஏற்றிய ஜவ்வரிசி மூட்டைகள் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தன. நாசிக் போய்ச் சேர வேண்டிய லோடு. ஊரை விட்டுக் கிளம்பி ஒரு டீக்குத்தான் நிறுத்தியிருந்தார்கள், அதற்குள் இந்தக் கால் இப்படிச் செய்கிறதே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. டேங்கர் மறுபடியும் நகர்ந்தபோது, பாதி அமுக்கிய கிளட்சிலிருந்து கால் வழுக்கிவிட்டது. லாரி ஒரு துள்ளுத் துள்ளி டேங்கரின் பின்கம்பியில் இடித்து, எஞ்சின் அணைந்து நின்றது.

டேங்கர்காரன் இறங்கி வந்து வாய்க்கு வந்ததைப் பேசினான். பின்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டாவது டிரைவர் வீரன் எழுந்து, கீழே போய் அவனைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்குங்கண்ணா, நான் புடிக்கறேன்."

"டோல் தாண்டட்டும்டா."

"காலப் பாருங்க, நடுங்குது. எறங்குங்க."

அமிர்தசாமி இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். நாசிக் போய்த் திரும்பும்வரை வீரன் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் மரியாதையாகவே மறுத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நாமக்கல்லில் வண்டியை நிறுத்தியதும் முதலாளி ஜீவா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். ஜீவாவின் அப்பா காலத்திலிருந்து ஓட்டுகிற டிரைவர் அவர்.

"உங்கள அனுப்பறதுக்கு எனக்கு மனசில்லீங்கண்ணா. ஆனா இடிச்ச எடத்துல டேங்கருக்குப் பதிலா ஒரு கார் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க. பொங்கலுக்குள்ள கால சரி பண்ணிட்டு வந்திருங்க. அதுவரைக்கும் வீரன் பாத்துக்குவான்."

"வந்தர்றனுங்க," என்றார் அமிர்தசாமி. சொல்லிவிட்டுப் படி இறங்கும்போது ஜீவா பார்க்கிறாரோ என்று கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார்.

மனைவி மரியபுஷ்பம் அவரை நாமக்கல்லிலேயே ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் இவர்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. வயதான டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்போட எலும்பு ஒரசுது. மாத்திரை மருந்துல ஆகற காரியமில்ல. காப்பீட்டு அட்டை இருக்குதில்ல? அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். மூட்ட மாத்திருவாங்க. செலவில்ல. நல்லா நடக்கலாம்."

"லாரி ஓட்டலாமுங்களா?"

"லோடு வண்டி வேண்டாம். ஏறிக் குதிக்கறது, நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கறது, அதெல்லாம் புது மூட்டுக்கு ஆகாது. கொஞ்ச மாசம் போகட்டும், கார் ஓட்டலாம்."

அமிர்தசாமி செல்போனை எடுத்து, சேலத்தில் ஒரு கிளினிக்கின் விளம்பரத்தைக் காட்டினார். ஆபரேஷன் இல்லாமல் ஸ்டெம் செல் ஊசியில் முட்டி சரியாகிறது என்று அதில் ஒருவர் படியேறிக்கொண்டே பேசினார். டாக்டர் முழுதும் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த ஊசியில தேஞ்ச குருத்தெலும்பு வளருமுன்னு இன்னும் உறுதியாகல. உங்க முட்டி இருக்கற நெலைக்கு இதுல காசப் போடாதீங்க."

வெளியே வந்ததும் மரியபுஷ்பம், "இவரு உள்ளதச் சொல்றாருங்க," என்றாள். "அட்டை இருக்குது. ஆபரேசனே பண்ணிக்கலாம்."

"பண்ணிட்டு?"

"வாட்ச்மேன் வேலைக்குப் போலாம். கோழிப்பண்ணைல சொன்னா கேட்டுல உக்கார வெப்பாங்க."

"நான் கேட்டுல உக்கார்றதா?" என்றார் அமிர்தசாமி. பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஆளு இல்ல பாத்தியா, புள்ள. ரோட்டுல போறப்ப நாங்க எந்த ஓட்டல்ல நிறுத்துவோம்? நாலு லாரி நிக்கற எடத்துல நிறுத்துவோம். வண்டி நிக்காத ஓட்டல்ல சோறு ஊசிப் போயிருக்கும். முப்பது வருசத்துல ஒரு நாளும் தப்புனதில்ல."

"சோறும் காலும் ஒண்ணுங்களா?"

"கூட்டம் பொய் சொல்லாது."

கோழிக்கறிக் குழம்புக்கு உப்புப் போதுமா என்பதில் தொடங்கி வீட்டு விஷயம் எல்லாவற்றுக்கும் மனைவியின் பேச்சைக் கேட்கிற மனிதர்தான். ரோட்டில் கற்றதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

சேலத்துக் கிளினிக் கண்ணாடிக் கட்டிடம். வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. செருப்பு வைக்கும் தட்டு நிறைந்து படியெல்லாம் செருப்பாகக் கிடந்தது. உள்ளே ஏசி ஹாலில் நாற்காலி காலியில்லாமல் ஆட்கள். சுவரோரம் நின்றுகொண்டும் சிலர். அமிர்தசாமி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை மரியபுஷ்பம் பார்த்தாள்.

உள்ளே ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் அவருக்கு இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்த ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி ஏறி இறங்கி இரண்டு முட்டியும் போனவள். அமிர்தசாமி அவள் பக்கம் குனிந்தார்.

"நல்லாப் பாக்கறாங்களாங்கம்மா?"

அவள் சற்று நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கூட்டத்தப் பாத்தாத் தெரியலீங்களா சாமி," என்றாள்.

உள் அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ரஞ்சனி என்ற பெண் பேசினாள். இவர்கள் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் டாக்டர் இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, மெஷினில் சுற்றி, அதிலிருந்து எடுக்கும் செல்லை முட்டிக்குள் ஊசியாகப் போடுவார்கள், குருத்தெலும்பு தானாக வளரும் என்றாள்.

"கிளட்ச் பிளேட்ட மாத்தாம லைனிங் மட்டும் ஒட்டிக் குடுக்கற மாதிரிங்களா?" என்று அமிர்தசாமி கேட்டார்.

"கரெக்டாச் சொன்னீங்கய்யா."

"பொங்கலுக்கு வண்டி எடுத்தரலாமுங்களா?"

"தாராளமா. எத்தன டிரைவருங்க இங்க வந்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா?"

மரியபுஷ்பம், "சரியாகலீன்னா?" என்றாள். ரஞ்சனி சிரித்தாள். "நம்பிக்க வையுங்கம்மா. பாதி வைத்தியம் அதுதான்."

மறுவாரம், ஊசிக்குப் பணம் கட்ட, மரியபுஷ்பம் வளர்த்த இரண்டு கறவை மாடுகளும் விலைபோய் வண்டியேறின. ஏற்றும்போது சிவப்பு மாடு கால் வைக்காமல் முரண்டு பிடித்தது. அவள்தான் போய்க் கழுத்தைத் தடவி ஏற்றிவிட்டாள். அந்த மாடுகளின் பாலை நம்பித்தான் அவர் லோடு போயிருக்கும் நாட்களில் அடுப்பு எரிந்தது. மாடுகள் போனபின் அவள் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை சாணி வாடையோடு சும்மா கிடந்தது.

ஊசி போட்டு வந்த கொஞ்ச நாளில் வலி குறைந்தது. அவர்கள் கொடுத்த மாத்திரைகளும் இருந்தன, வீட்டில் படுத்தே கிடந்த ஓய்வும் இருந்தது. அமிர்தசாமி எல்லாப் பெருமையையும் ஊசிக்கே கொடுத்தார். கிறிஸ்துமஸ் பூசையில், ஒரு வருடமாக உட்கார்ந்தபடியே ஜெபம் சொல்லிவந்த மனிதர், எல்லோரோடும் சேர்ந்து முழந்தாளிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்த மரியபுஷ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பொங்கல் முடிந்து அவர் வண்டி எடுத்தார். ஜீவா கை கொடுத்து அனுப்பினார். சேலம் தாண்டும்வரை அமிர்தசாமி பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார். தொப்பூர் ஏற்றத்தில் கியரைக் குறைக்கக் கிளட்சை அமுக்கியபோது முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. அலறல் கேட்டு வீரன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிரேக்கை மிதித்த வலது கால் நல்ல கால். அதனால் வண்டி ஓரத்தில் நின்றது. வீரன் ஜீவாவுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தான்.

"ஊட்டுல இருங்கண்ணா," என்றார் ஜீவா போனில்.

கிளினிக்கில் ரஞ்சனி அசரவில்லை. "முட்டி ரொம்பத் தேஞ்சிருக்குல்லங்கய்யா, ரெண்டாவது டோஸ் போட்டாத்தான் பிடிக்கும். இப்ப விட்டுட்டா மொதல்ல போட்டதும் வீணாயிரும். உங்களுக்காக டாக்டர்கிட்டப் பேசிப் பாதி ரேட்டுக்கு வாங்கித் தர்றேன்."

மொதல்ல போட்டதும் வீணாயிரும். அந்தப் பேச்சுத்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாடுகளும் அதற்குள் இருந்தன. மரியபுஷ்பம் இந்த முறை எதிர்க்கவில்லை. பண்ணையில் முன்பணம் கேட்டு வாங்கி வந்தாள். அது கழியும்வரை லீவு கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆகவே அமிர்தசாமி தனியாகப் பஸ் ஏறிச் சேலம் வந்தார்.

ஹாலில் அதே கூட்டம். டோக்கனை வாங்கிக்கொண்டு தேடியபோது ராமாத்தாளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டு தலையைக் குனிந்தாள்.

"இன்னும் வந்துட்டிருக்கறீங்களாங்கம்மா?"

"இதோட நாலாவது ஊசிங்க சாமி."

அவருக்கு உடனே புரியவில்லை. "அப்ப நான் மொத நாளு கேட்டப்ப?"

"அன்னைக்கு மூணாவதுக்கு வந்திருந்தேன்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லியிருந்தா நானும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருக்கோணுமல்லங்க. காடு கரைய வித்துட்டு வந்து உக்காந்திருக்கறேன். என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

அமிர்தசாமிக்கு அவள்மேல் கோபம் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. முன்னால் இருந்த ஆத்தூர்க்காரரிடம் கேட்டார், அவருக்கு இரண்டாவது. கைத்தறிக் குழியில் மிதித்து மிதித்து முட்டி போன ராசிபுரத்துப் பெண்ணுக்கு மூன்றாவது. சுவரோரம் நின்றவர் கேட்கும் முன்பே இரண்டு விரலைக் காட்டினார். அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. குணமான ஆள் எதற்குத் திரும்பி வரப்போகிறான்? இத்தனை வருடம் ரோட்டில் ஓடியும் இது தனக்கு உறைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. இடது காலில் பாரம் வைக்காமல் நின்ற நிற்பிலேயே டிரைவர் என்று தெரிந்தது. பக்கத்தில் மனைவி, கையில் எக்ஸ்ரே உறை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் அவர் மனைவியிடம், "பாத்தியா, உக்கார எடமில்ல," என்றார். குரலில் நிம்மதி இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு அமிர்தசாமியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த ஊருங்கண்ணா?"

"நாமக்கல்லுங்க. லாரி."

"நான் திருச்செங்கோடு. போர் போடற ரிக் வண்டி." அவர் குரலைத் தணித்தார். "இங்க நல்லாப் பாக்கறாங்களாங்க?"

ராமாத்தாள் டிவியைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றார் அமிர்தசாமி. அவர் பக்கம் திரும்பிக் கொஞ்சம் உரக்க மறுபடியும் சொன்னார். "இங்க வேண்டாங்க. இங்க இருக்கறவிய எல்லாம் முன்னமே ஊசி போட்டவிய. சரியாகாமத் திரும்பி வந்தவிய. நானும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தப் பாத்து ஏமாந்தராதீங்க. பொண்டாட்டியக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

ரிக் டிரைவர் அவரை ஒருமுறை பார்த்தார். ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு வேடிக்கை பேசுகிற ஆளைப் பார்ப்பது போலச் சிரித்தார்.

"அப்பறம் நீங்க எதுக்குங்கண்ணா உக்காந்திருக்கறீங்க?"

அமிர்தசாமி வாயைத் திறந்தார். மாடுகளைச் சொல்லலாம். பண்ணையில் வாங்கிய முன்பணத்தைச் சொல்லலாம். ஆனால் இவ்வளவு தெரிந்தபிறகும் இந்த இரண்டாவது ஊசியில் கால் சரியாகிவிடும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அமிர்தசாமி, நாமக்கல்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரிக் டிரைவர் உடனே டோக்கனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, அவர் கக்கத்தில் கை கொடுத்துப் பதமாகத் தூக்கி நிறுத்தினார்.

"மெதுவாப் போங்கண்ணா," என்றார்.

அமிர்தசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள் அறையின் கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தபோது, ரிக் டிரைவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொடைக்கடியில் கை கொடுத்து இடது காலைத் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.