செங்கா என்று ஒரு பெயர்

கமலினிக்குப் பிரசவ வலி இரண்டு நாள் நீடித்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு, மெல்பேர்ணில் அவளுக்குத் தாயுமில்லை, சகோதரியுமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். வேலை நேரம் முடிந்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவள் பெயர் செங்கா. தங்கள் பழைய மொழியில் அதற்கு மெல்லியவள் என்று அர்த்தம் சொல்வார்கள் என்றும், ஆக்னஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதிய பெயர் என்று சொல்பவர்களும் உண்டு என்றும் சொல்லிச் சிரித்தாள்.

பெண் குழந்தை பிறந்ததும் அந்தப் பெயரையே வைக்க வேண்டுமென்றாள் கமலினி. கணவன் சிவபாலனுக்கும் பிடித்திருந்தது. தமிழ்ப் பெயர் மாதிரியே இருக்கிறது என்றான்.

பத்து நாள் கழித்து, பிறப்புப் பதிவுப் படிவம் மேசையில் கிடந்ததைக் கமலினி எடுத்துப் பார்த்தாள். சிவபாலனின் அழகான கையெழுத்தில் கரோலின் என்று இருந்தது.

அவன் வேலைசெய்த கம்பனியின் மனேஜர் எடின்பரோக்காரர். பெயரைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். ஸ்கொட்லாந்தில் தொழிற்சாலைப் பெண்களும் வேலைக்காரிகளும்தான் அந்தப் பெயர் வைத்துக்கொள்வார்கள், நல்ல குடும்பத்தில் ஒருத்தருக்கும் கிடையாது என்றாராம். கரோலின் என்ற பெயரைத் தெரிவு செய்து தந்ததும் அவர்தான்.

"பிள்ளையின்ர நன்மைக்குத்தான். நாளைக்கு ஆரும் பழிக்கக் கூடாது, பாரும்" என்றான் சிவபாலன்.

கமலினிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைக் கேளாமல் எழுதியது ஒரு பக்கம். அந்த நர்ஸின் பெயரை ஒருவன் இளக்காரமாகப் பேச, இவன் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான் என்பதுதான் அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது.

"என்னோட படிச்ச வள்ளியம்மையை ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

அவன் படிவத்தை வாங்கக் கை நீட்டினான்; அவள் விடவில்லை.

"தகப்பன் வள்ளியம்மை எண்டு பதியச் சொல்லிக் கெஞ்சினவர். பள்ளிக்கூட இடாப்பில வள்ளி எண்டு மட்டும் எழுதினது ஆர்? உங்கட அப்பா. தலைமை வாத்தியார். 'உங்கட சாதி ஆக்களுக்கு வள்ளி எண்டாலே காணும்' எண்டு அந்த மனுசனுக்கு எங்கள் எல்லாருக்கும் முன்னால சொன்னவர். அதையே இஞ்ச ஒரு வெள்ளைக்காரன் சொல்ல, நீங்கள் கேட்டு எழுதிக்கொண்டு வாறியளோ?"

சிவபாலன் முகம் கறுத்தது. அப்பாவை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று முணுமுணுத்தான்.

மறுநாள் காலை, தையல் போட்ட இடம் இன்னும் நோக, கமலினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ட்ராமில் நகரத்துக்குப் போனாள். பதிவு அலுவலகத்தில் புதுப் படிவம் வாங்கிச் செங்கா என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நாலாம் நாள் சிவபாலன் வந்து, கரோலின் எப்படி இருக்கிறாள் என்று மனேஜர் கேட்டதாகவும், அவள் பெயர் செங்கா என்று தான் திருத்தியதாகவும் சொன்னான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

பாராட்டை எதிர்பார்த்து நின்றான். கமலினி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.