ஷார்ஜா பெயிண்டரின் சொந்த வீடு

உபைத் ஷார்ஜாவில் பெயிண்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மரக்காணத்தில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் உபைத்தான், அவர் சொல்வதாக இல்லை.

பதினோரு வருஷமாக அவர் அங்கே ஒரு பெயிண்டிங் கம்பெனியின் கேம்ப்பில் அறுபது பெயிண்டர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் பரோட்டா, மத்தியானம் சோறு, சாயங்காலம் ரொட்டியும் பருப்பும். பிரஷ்ஷைக் கையில் பிடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் போட்டோவுக்காக, பக்கத்துக் கட்டில்காரனின் பெயிண்ட் படிந்த சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு.

பொய் ஒன்றும் பெரிதாக ஆரம்பிக்கவில்லை. 'பெயிண்டிங் கம்பெனியில் வேலை' என்று முதல் கடிதத்தில் எழுதினார். அது உண்மைதானே! அவர் மனைவி பஷீரா அதைத் தெருவில் 'எங்க வீட்டுக்காரரு பெயிண்டரு' என்று சொன்னாள். அவர் இரண்டாவது லீவுக்கு வருவதற்குள் அவளே அவருக்கு ஃபோர்மேனாகப் பிரமோஷன் கொடுத்திருந்தாள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் துபாயில் கிரேன் ஓட்டினார், இன்னொருவர் அபுதாபியில் லாரி ஓட்டினார். அந்த வரிசையில் நின்றுகொண்டு 'நான் கரண்டி பிடிக்கிறேன்' என்று சொல்ல உபைத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு லீவோடு போயிருந்தால் பரவாயில்லை. லீவுக்கு லீவு வளர்ந்தது.

எண்பத்தெட்டாம் வருஷ லீவில்தான் மாட்டினார். மகள் முபீனாவைப் பார்க்கக் கோட்டக்குப்பத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அத்தா நூர் முஹம்மது மளிகைக் கடைக்காரர், நாலு பேர் மதிக்கிற மனுஷர். முபீனாவுக்கும் அந்த இடம் பிடித்திருந்தது. கேட்டால் பதில் சொல்லாமல் சமையலறைக்குள் ஓடினாள், அதிலேயே தெரிந்தது. ஆனால் வீட்டைப் பார்த்தால் உப்புக் காற்று முன்சுவரை அரித்துத் தின்றிருந்தது. ஹாலில் தட்டினால் காரை உதிர்ந்தது.

திங்கட்கிழமை காலை உபைத் செருப்பை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் பஷீரா.

"பெயிண்டர் தங்கராசுவைப் பாத்து..."

"பெயிண்டரா?" பஷீரா இடுப்பில் கை வைத்தாள். "ஷார்ஜாவையே வெள்ளையடிச்சிட்டு வந்திருக்கீங்க, நம்ம வீட்டுக்கு தங்கராசு வரணுமா? தெருவுல என்னான்னு கேக்க மாட்டாங்க? நீங்களே அடிங்க. நாலு நாள் கெடக்குது."

செருப்பைக் கழற்றினார். வேறு என்ன செய்வது?

சுரண்டுகிற வேலை பழுதில்லாமல் நடந்தது. தேங்காய்ச் சிரட்டையை வைத்துச் சுரண்டுவதற்கு யாரும் ஃபோர்மேனாக இருக்க வேண்டியதில்லை. முபீனா ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை எனாமல் அடித்தாள். பஷீரா பழைய நைலக்ஸ் புடவை இரண்டைக் கிழித்து, ஓரத்தில் லேஸ் தைத்து, ஹாலுக்கும் உள் அறைக்கும் நடுவில் திரை போட்டாள். வாசல் கதவுக்கு உபைத்தே பெயிண்ட் அடித்தார். அடித்த கையோடு சாத்தியும் வைத்தார். மறுநாள் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரு நாள் முழுக்கக் குடும்பமே கொல்லைப்பக்கமாகப் போய்வந்தது.

"ஷார்ஜாவுல கதவெல்லாம் தானா தெறந்துக்கும், அதான் பழக்கமில்ல" என்று அவர் சமாளித்தார். பஷீரா நம்பினாள். நம்பிக்கைக்கு ஒரு அளவு வேண்டாமா என்று அவருக்கே அவள்மீது கோபம் வந்தது.

சுண்ணாம்பு கலக்கும் நாள்தான் பெரிய சோதனை. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை இரவல் வாங்கிவந்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். தளதளவென்று கொதித்தது. கொதிக்கிற அண்டாவைப் பார்த்ததும் உபைத்தின் பயம் போன இடம் தெரியவில்லை. தலையில் துண்டைக் கட்டினார், லுங்கியை மடித்துக் கட்டினார், துடுப்பை எடுத்து அடிப்பிடிக்காமல் சுற்றிச் சுற்றிக் கிண்டினார். பொங்கி வரும்போது ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தார். கொதி அடங்கியதும் தட்டைப் போட்டு மூடி, மேலே இரண்டு செங்கல்லை வைத்தார்.

"எதுக்குங்க மூடி?" என்றாள் பஷீரா.

"தம் போட்டாத்தான் சுண்ணாம்பு பதமா எறங்கும். அங்கெல்லாம் இப்படித்தான்."

அந்த நேரம் பார்த்துப் பின் தெரு இருசப்பன் வந்தான். உப்பளத்தில் வேலை, வீட்டுக்கு வீடு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற ஆள். கையில் ஒரு கூடை உப்பு இருந்தது.

"அண்டாவுக்கு ஒரு கை உப்பு போடுங்க பாய். சொவத்துல நல்லா புடிச்சிக்கும், கையில ஒட்டாது. ஒங்களுக்குத் தெரியாததா!"

"தெரியும் தெரியும். வெச்சிட்டுப் போ" என்றார் உபைத். அவருக்குத் தெரியாது.

இருசப்பன் போனபிறகு ஒரு கை உப்பை அள்ளி அண்டாவையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பெரிய அண்டாவுக்கு ஒரு கை உப்பா? அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற அண்டா இது. ஒரு கை போட்டால் முதல் பந்தியிலேயே எழுந்து போய்விடுவான்கள். உப்பளத்து ஆள், உப்பின் அருமை தெரியாமல் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணளவாக அரைக் கூடையைச் சாய்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் கண்ணளவு தப்பியதே இல்லை. கிண்டி முடித்துத் துடுப்பில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு, நாக்கருகே கொண்டுபோய்விட்டார். முபீனா பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார். முன்சுவருக்கு நீலம் கலந்த வெள்ளை, மீதியில் பச்சைப் பொடி போட்டு ஹாலுக்கு.

இரண்டு கோட் அடித்தார். புதனும் வியாழனும் நல்ல மேல்காற்று, நல்ல வெயில். சுவர் காய்ந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. உப்பு பூத்து, முன்சுவர் முழுக்க வெயிலில் மினுக்கியது. சீனியைத் தூவியதுபோல இருந்தது வீடு. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு சாலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு வந்து கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னா பாயம்மா, கண்ணாடித் தூள் போட்டு அடிச்சாரா?"

"அது ஷார்ஜா வேலை" என்றாள் பஷீரா. அன்றைக்கு அவள் நடையே மாறிவிட்டது.

உபைத்துக்கும் கொஞ்சம் தலை கனத்தது. வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேருக்கு வெள்ளையடிப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். பதினோரு வருஷம் வெங்காயத்தோடு வீணாகிவிட்டதே என்றுகூட நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பியது. காலையிலிருந்தே கடல் பக்கமிருந்து ஈரக்காற்று பிசுபிசுவென்று வீசியது. வீட்டில் வேலை தலைக்குமேல் இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பஷீரா கொல்லையில் பிரியாணி அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தாள். ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு அம்பாசிடர் வந்து நின்றது. பெண்கள் உள் அறைக்குப் போனார்கள். நூர் முஹம்மது ஹாலில் பாயில் உட்கார்ந்து, வெள்ளை ஜிப்பாவோடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மாஷா அல்லா, என்னமா அடிச்சிருக்கீங்க பாய்! வர்றப்பவே பாத்தேன். ஒரு விஷயம் கேக்குறேன், இல்லைன்னு சொல்லக்கூடாது."

"சொல்லுங்க."

"நிக்காஹ்வுக்கு முன்னாடி நம்ம வீட்டையும் நீங்களே நின்னு அடிச்சிக் குடுத்துடணும். மாடி வீடு. வெளிய, உள்ள, எல்லாம். ஒங்க பொண்ணு வாழப்போற வீடு, பாருங்க."

"இன்ஷா அல்லா" என்றார் உபைத்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. சர்க், சர்க் என்று யாரோ சாவகாசமாக உப்புத்தாள் தேய்ப்பதுபோல. உபைத் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சாலம்மாளின் மாடுகள் மூன்றும் முன்சுவரில் வரிசையாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டை நக்கிக்கொண்டிருந்தன. யாருடையது என்று தெரியாத ஒரு வெள்ளாடு முன்னங்காலைச் சுவரில் ஊன்றி, மாட்டுக்கு எட்டாத இடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது. மாடு நக்கிய இடமெல்லாம் பழைய சுவர் பல்லைக் காட்டியது. மிச்சமிருந்த சுவரில் உப்பு ஈரக்காற்றைக் குடித்துக் கரைந்து, தண்ணீர் கோடு கோடாக வழிந்தது.

"ஹேய், ஹேய்!" என்று கத்திக்கொண்டு இருசப்பன் ஓடிவந்தான். ஒரு மாட்டை விரட்டினால் மற்றது வந்தது. வீடு அவ்வளவு ருசியாக இருந்திருக்க வேண்டும். அவன் சுவரில் விரலை வைத்து நாக்கில் தொட்டான். முகம் சுளித்தது.

"பாய், எவ்ளோ உப்பு போட்டீங்க?"

"அரைக் கூடை" என்று உபைத் ஜன்னல் வழியே முனகினார்.

"அரைக் கூடையா! ஏம் பாய், எந்தப் பெயிண்டராவது அரைக் கூடை உப்பு போடுவானா?"

என்ன கலாட்டா என்று நூர் முஹம்மது எழுந்தார். ஜிப்பா சுவரோடு ஒரு நொடி ஒட்டி, பிறகு விட்டது. முதுகு முழுக்கப் பச்சை. அவர் கையைப் பின்னால் விட்டுத் தடவி, விரலைப் பார்த்து, நல்ல மனுஷர் என்பதால் சிரித்துவிட்டார்.

"அட, இருக்கட்டும் பாய். ஷார்ஜா மருந்து நம்ம கடல் காத்துக்கு ஒத்துக்கலபோல. அவ்ளோதானே? எங்க வீடு கடலுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்குது. அங்க ஜோரா வரும்."

இதோ, தப்பிக்கக் கதவு திறந்துகிடந்தது. 'ஆமாங்க, காத்துதான்' என்று சொன்னால் போதும், பெயிண்டர் உபைத் பிழைத்துக்கொள்வார். அவர் வாயையும் திறந்துவிட்டார். ஆனால் கோட்டக்குப்பத்து மாடி வீடும், அதைச் சுற்றி அந்த ஊர் மாடுகள் மொத்தமும், அந்த வீட்டுக்குள் முபீனாவும் ஒன்றாக அவர் கண்முன் வந்தார்கள். 'உங்க அத்தா அடிச்ச சுண்ணாம்பு' என்று ஆயுசுக்கும் அவளைச் சொல்லிக் காட்டுவார்கள். தன் வெட்கத்தை இதுவரை தான் மட்டும் சுமந்தாகிவிட்டது, அதை மகள் தலையில் ஏற்றிவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"காத்து இல்லீங்க" என்றார். "நான் பெயிண்டரே இல்ல. பெயிண்டருங்களுக்கு சமையக்காரன். பதினோரு வருஷமா அறுபது பேருக்கு ஆக்கிப் போடுறேன். சுண்ணாம்புக்கும் சோத்துக் கணக்குல உப்பு போட்டுட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேச்சு நின்றது. வெளியே மாடு மட்டும் சர்க்கென்றது.

நூர் முஹம்மது உட்கார்ந்தார், இந்த முறை சுவரை விட்டுத் தள்ளி. "அறுபது பேருக்கா?" என்றார். "ஒத்தையாவா? ஏம் பாய், வலீமா விருந்துக்கு நம்ம பக்கம் முந்நூறு பேரு வருவாங்க. ஆக்கிப்போட ஒரு பண்டாரி கெடைக்காம நான் அலைஞ்சிட்டிருக்கேன். இதை மறைச்சி வெச்சிட்டு சுண்ணாம்பைக் கலக்கிட்டிருக்கீங்களே!"

உபைத்துக்கு மூச்சு வந்தது. அதற்குள் நைலக்ஸ் திரை விலகியது.

பஷீரா நின்றாள். முக்காடு தலையில், பிரியாணிக் கரண்டி கையில். பிற ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்கு அவள் இப்படி வந்ததே இல்லை. ஃபோர்மேன் பதவி போன கோபம் என்று உபைத் நினைத்தார். அவருக்குப் பஷீராவைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"அஞ்சு லீவு" என்றாள். "ஒவ்வொரு லீவுக்கும் ரெண்டு மாசம், நீங்க வந்திருக்கீங்கன்னு சொந்தம் பூரா வரும். அத்தனை பேருக்கும் நான் ஒத்தையா பொகையில நின்னு ஆக்கினேன். ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொன்னீங்களா? நல்லா இல்லைன்னாவது சொன்னீங்களா? குனிஞ்ச தலை நிமிராம தின்னுட்டு எழுந்து போவீங்க. இந்த மனுஷனுக்கு என் கைச்சோறு புடிக்கலபோலன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன், தெரியுமா?"

உபைத் திகைத்துப்போனார். சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்தால் சமையல் தெரிந்தவன் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தே அவர் பேசியதில்லை. ஏலக்காய் இத்தனை, தீ இவ்வளவு என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவார். நல்லாயிருக்கு என்ற ஒரு வார்த்தையும் அதோடு சேர்ந்து உள்ளே போயிருந்தது. அந்தப் பொய்யால் கெட்டது யாரும் இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"புடிக்காம என்ன பஷீரா. பயம்..."

"இப்பத்தான் பயம் விட்டுடுச்சே." அவள் கரண்டியைக் கொஞ்சம் பிரியாணியோடு அவர் முன்னால் நீட்டினாள். "அறுபது பேருக்கு ஆக்கி ருசி பாக்குற வாய்தானே, சொல்லுங்க. இவங்க முன்னாடியே சொல்லுங்க."

உபைத் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, மெதுவாக மென்றார். நூர் முஹம்மது அவர் வாயையே பார்த்தார். இருசப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மாட்டை மறந்துவிட்டான்.

"அரிசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டல" என்றார் உபைத். "கறி பஞ்சு மாதிரி வெந்திருக்குது. எலுமிச்சை எறங்கின நேரம் சரி. எங்க கேம்ப்ல எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்ல, சத்தியமா."

பஷீராவின் கண் கலங்கிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷமாக அடைத்துவைத்த வாய், நிற்குமா?

"உப்புதான் ஒரு சிட்டிகை கம்மி" என்றார்.

பஷீரா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கரண்டியை நீட்டி, தண்ணீர் வழிந்துகொண்டிருந்த பச்சைச் சுவரைக் காட்டினாள்.

"தொட்டுக்குங்க."